இணையம் எட்டாத ஊர்களுக்கு இணையம் தரும் கம்பெனி: மகளைச் சேர விடலாமா?

வணக்கம் அம்மா. தொலைதூர ஊர்களுக்கு இணையம் தரும் கம்பெனியில் மகளுக்கு வேலை கிடைத்திருக்கிறது, சேர விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் இரண்டு கவலைகள் தெரிகின்றன. இவ்வளவு வேகமாக வளரும் கம்பெனி அதே வேகத்தில் காணாமல் போய்விட்டால் என்ன செய்வது என்பது ஒன்று. எலக்ட்ரானிக்ஸ் படித்த பெண் காடு மலையெல்லாம் அலைய வேண்டுமா என்பது இன்னொன்று. இரண்டாவதை அவளிடமே கேட்டுவிடுங்கள், அலையப்போகிறவள் அவள்தானே. முதல் கவலை நியாயமானது. அதைத்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

இந்தத் தொழிலில் பெரிய பெயர்களே விழுந்திருக்கின்றன. செயற்கைக்கோள் வழியாக உலகின் எந்த மூலையிலும் தொலைபேசி தருவோம் என்று வந்த இரிடியம், சேவை தொடங்கி ஒரு வருடம் முடிவதற்குள் 1999-ல் திவாலானது. செயற்கைக்கோள் வழியாக இணையம் தர வந்த ஒன்வெப் 2020 மார்ச்சில் அதே நிலைக்கு வந்தது. பிரிட்டன் அரசும் பார்தி குழுமமும் சேர்ந்து அதைக் கைதூக்கி விட்டன. பலூன்களைப் பறக்கவிட்டு இணையம் தந்த லூன், கூகுளின் தாய்க் கம்பெனி ஆல்பபெட்டின் பிள்ளை. 2020-ல் கென்யாவில் சேவை தொடங்கி, 2021 ஜனவரியில் கடையை மூடுவதாக அறிவித்துவிட்டது.

பலூன் பறக்காமல் இல்லை, சிக்னலும் வந்தது. கட்டணம் கட்டிக் கட்டுப்படியாகும் அளவுக்கு ஆட்கள் இல்லை, செலவோ ஏகப்பட்டது. தொலைதூர ஊர்களில் எப்போதும் இதுதான் கணக்கு. நகரத்தில் ஒரு கிலோமீட்டர் கேபிள் இழுத்தால் நூற்றுக்கணக்கான வீடுகள் மாட்டும். அங்கே பத்து வீடு கிடைத்தாலே அதிர்ஷ்டம்.

அதனால், ‘போன வருடத்தைவிட இரண்டு மடங்கு ஊர்கள்’ என்று கம்பெனி சொன்னால் உடனே மயங்கிவிடாதீர்கள். அந்த வளர்ச்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். முதலீட்டாளர் பணமா, அரசு மானியமா, மாதாமாதம் சந்தா கட்டுகிறவர்களின் பணமா? மூன்றும் கலந்திருப்பதில் தப்பில்லை. மானியம் இல்லாமல் இந்தத் தொழில் பல இடங்களில் நடக்கவே நடக்காது. ஆனால் மானியத்தை நம்பி மட்டும் ஊர் ஊராகச் சேர்த்துக்கொண்டே போகிறவர்கள், அது நின்ற மாதமே ஆட்களைக் குறைக்க ஆரம்பிப்பார்கள். என்னைக் கேட்டால் ஒரே ஒரு கேள்வி போதும் என்பேன்: இரண்டு வருடத்துக்கு முன்னால் இணைப்புக் கொடுத்த ஊரில், இன்றைக்கு எத்தனை வீடுகள் பணம் கட்டுகின்றன?

மெதுவாக வளர்ந்து நிலைத்தவர்களும் உண்டு. இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் கிராமங்களுக்கு இணையம் தர பார்ன் (B4RN) என்ற அமைப்பு 2011-ல் தொடங்கியது. ஊர்க்காரர்களே பங்கு வாங்கினார்கள். விவசாயிகள் தங்கள் நிலத்தின் வழியே கேபிள் போக வாடகை இல்லாமல் இடம் விட்டார்கள், பலர் மண்வெட்டியோடு தாங்களே இறங்கினார்கள். ஃபைபர் போடுவதில் பெரிய செலவு கண்ணாடி இழை இல்லை, பள்ளம் தோண்டுவதுதான். அதைக் குறைத்ததால்தான் பெரிய கம்பெனிகள் எட்டிப் பார்க்காத பண்ணை வீடுகளுக்கும் அவர்களால் போக முடிந்தது.

செயற்கைக்கோளிலிருந்து நேராக வீட்டுக்கு இணையம் தரும் ஸ்டார்லிங்க் வந்துவிட்டதே, இனி தரையில் டவர் நடுகிறவர்களுக்கு என்ன வேலை என்றும் கேட்டிருந்தீர்கள். நல்ல கேள்வி. பழைய செயற்கைக்கோள் இணையம் 35,786 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வந்தது, பேசினால் பதில் வர இழுக்கும். ஸ்டார்லிங்க் சுமார் 550 கிலோமீட்டரில் சுற்றுவதால் அந்தத் தாமதம் போய்விட்டது. ஆனால் ஒவ்வொரு செயற்கைக்கோளின் ஆயுளும் ஐந்து வருடம் அளவுக்குத்தான், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே பகுதியில் ஆட்கள் கூடக் கூட வேகமும் பங்கு பிரியும். செயற்கைக்கோள் இணைப்பு ஒன்றை ஊருக்குள் இறக்கி, அங்கிருந்து வைஃபை மூலம் வீடுவீடாகப் பிரித்துக் கொடுக்கும் சின்ன கம்பெனிகளும் இருக்கின்றன. உங்கள் மகளுக்கு வேலை கொடுப்பவர்கள் இதில் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று அவள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, எல்லாம் பார்த்தும் கம்பெனி மூடிவிட்டால்? அப்போது கையில் மிஞ்சுவது அவள் கற்ற வேலை. லூன் பலூன்கள் ஒன்றோடொன்று பேச உருவாக்கிய ஒளிக்கற்றைத் தொழில்நுட்பம் வீணாகவில்லை. அதே நுட்பம் டாரா என்ற பெயரில் காங்கோ ஆற்றின் இரு கரைகளிலும் இருக்கும் பிரஸாவிலையும் கின்ஷாசாவையும் இணைத்தது. 2025-ல் டாரா ஆல்பபெட்டிலிருந்து தனிக் கம்பெனியாகவே பிரிந்தது. வேலையும் அப்படித்தான், சரியான வேலையைக் கற்றிருந்தால் கூடவே வரும்.

எது சரியான வேலை? ஃபைபர் ஸ்ப்ளைசிங்கையே, அதாவது இரண்டு கண்ணாடி இழைகளை ஒன்றாக ஒட்டுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். இழையின் மேல்பூச்சை உரித்து, ஆல்கஹாலில் துடைத்து, முனையை நேராக வெட்டி, இரண்டு முனைகளையும் மெஷினில் வைத்தால் திரையில் இரண்டு கம்பிகள் எதிரெதிரே வந்து நிற்பது தெரியும். ஒரு மின்பொறி, இரண்டும் ஒன்றாகிவிடும். முனை கொஞ்சம் கோணலாக இருந்தாலும், ஒரு தூசு ஒட்டியிருந்தாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். தலைமுடி கனமுள்ள கண்ணாடியில், காற்றும் மண்ணும் அடிக்கும் இடத்தில் உட்கார்ந்து செய்கிற வேலை அது. எஞ்சினியருக்கு இது எதற்கு என்று நினைக்காதீர்கள். கீழே உட்கார்ந்து இதைச் செய்தவர்கள்தான் பிறகு நல்ல நெட்வொர்க் பிளான் போடுகிறார்கள். ரேடியோ இணைப்புத் திட்டமிடல், தரவு எந்த வழியாகப் போக வேண்டும் என்று அமைக்கும் ரூட்டிங், கரண்ட் இல்லாத இடத்தில் சோலாரும் பேட்டரியும் வைத்து டவரை ஓட்டுவது, இதெல்லாம் எந்த நாட்டிலும் எந்த டெலிகாம் கம்பெனியிலும் செல்லும். அந்தக் கம்பெனியின் சொந்த மென்பொருள் ஒன்றை மட்டும் வருடக்கணக்கில் இயக்கும் வேலை என்றால் யோசிக்க வேண்டும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் மின்னஞ்சலில் கேட்க வேண்டியவை சில. டவர் ஏறும் வேலை உண்டா? உண்டென்றால் பயிற்சியும், பாதுகாப்புப் பெல்ட்டும், விபத்துக் காப்பீடும் கம்பெனி செலவா? கேபிள் அறுந்தால் சரிசெய்ய எத்தனை பேர் கொண்ட குழு போகிறது, இரவிலும் போக வேண்டுமா? இடையில் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா, எவ்வளவு? வாய்வார்த்தையாகச் சொன்னால் விட்டுவிடாமல் எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். அவர்கள் அனுப்பும் பதிலை ஆஃபர் லெட்டரோடு சேர்த்து எனக்கும் அனுப்புங்கள், சம்பளத்தை அப்புறம் பேசலாம்.