முன்னால் நீந்துகிறவள்

அன்புள்ள அக்கா,

என் மகளுக்கு 12 வயது. மூன்று வருடமாக ஒரு நீச்சல் டீமில் இருக்கிறாள். காலை நாலரைக்கு எழுப்பி நான்தான் கொண்டுபோய் விடுகிறேன். எட்டு மாதமாக டைம் குறையவே இல்லை. எங்கள் பக்கத்து 25 மீட்டர் குளத்தில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் 1 நிமிடம் 16 வினாடி. போன மாதம் வேளச்சேரியில் நடந்த போட்டியில் 1 நிமிடம் 19. தினமும் நானே ஸ்டாப்வாட்சில் எடுத்து நோட்டில் குறித்துவைக்கிறேன். ஒரு லேனில் ஐந்து பேர், கோச் இவளை மூன்றாவதாகத்தான் விடுகிறார். தனி லேன், தனி கோச் தருகிற இடத்துக்கு மாற்றிவிடலாமா? நீச்சல் தனிநபர் விளையாட்டுதானே, டீம் எதற்கு? என் அம்மா வேறு, பேத்திக்கு முடி செம்பட்டையாகிறது, கறுத்துப்போகிறாள் என்று புலம்புகிறார். பத்தாவது வந்தால் எப்படியும் நிறுத்தத்தான் போகிறோம்.

செ., தாம்பரம்

அன்புள்ள செ.,

போன வாரம் பஸ்ஸில் ஏழெட்டுப் பிள்ளைகள் ஈரத்தலையோடு ஏறினார்கள். பஸ் முழுக்க குளோரின் வாசனை. இறங்கவேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டு அந்த வாசனையோடே இரண்டு நிறுத்தம் போனேன். வீடு வந்து பார்த்தால் உங்கள் கடிதம்.

செம்பட்டை முடிக்குத் தேங்காய் எண்ணெய் தடவித் தொப்பி போட்டுவிடுங்கள். கறுப்பதைப் பற்றி என்னிடம் யாரும் கேட்காதீர்கள். பத்தாவதுக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது.

டைமுக்கு வருகிறேன். வேளச்சேரி குளம் 1995 தெற்காசியப் போட்டிகளுக்காகக் கட்டியது, 50 மீட்டர். அதில் 100 மீட்டர் நீந்த ஒரே ஒரு டர்ன். உங்கள் பக்கத்துக் குளத்தில் மூன்று டர்ன். ஒவ்வொரு டர்னிலும் சுவரைக் காலால் உந்திக்கொண்டு இலவசமாகக் கொஞ்ச தூரம் போகலாம். அதனால்தான் உலக சாதனைகளையே இரண்டு குளத்துக்கும் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். மூன்று வினாடி கூடியது குழந்தையின் குற்றமில்லை, குளத்தின் நீளம். மூன்று வருடமாக கேலரியில் உட்கார்ந்திருக்கிறீர்கள், இதை யாரிடமும் கேட்கத் தோன்றவில்லையா? இந்தக் கணக்கை வைத்து வீட்டில் அவளை என்னென்ன சொன்னீர்களோ.

இந்த வயதில் பெண்பிள்ளைகளுக்கு உடம்பே மாறுகிறது. கைகால் நீளம், எடை, மிதக்கிற விதம் எல்லாம் மாறும்போது சிலருக்கு மாதக்கணக்கில் டைம் நகராது. நெய்வேலியில் நீந்திப் பழகிய சஜன் பிரகாஷ் 2021இல் ரோமில் 200 மீட்டர் பட்டர்ஃப்ளையை 1 நிமிடம் 56.38 வினாடியில் முடித்து, ஒலிம்பிக்குக்கு நேராக அனுப்பும் 'ஏ' தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரர் ஆனார். அப்போது அவருக்கு வயது 27. உங்களுக்கு எட்டு மாதம் பொறுக்கவில்லை.

சரி, அதை விடுங்கள். 'தனிநபர் விளையாட்டுதானே, டீம் எதற்கு' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது.

1994இல் குற்றாலீஸ்வரன் ஆங்கிலக் கால்வாயை நீந்தியபோது அவருக்கு 12 வயது. பேப்பரில் படத்தைப் பார்த்த மறுவாரமே என் அம்மா என்னை ஒரு டீமில் சேர்த்துவிட்டாள். அந்த வருடம் தமிழ்நாட்டில் எத்தனை பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கினார்களோ! அந்தக் கால்வாயில்கூடப் பக்கத்தில் படகு வரும். அதில் சாப்பாடு கொடுக்க, நேரம் சொல்ல, வழி பார்க்க ஆள் இருப்பார்கள். கடலிலேயே தனியாக நீந்த முடியாது. நீங்கள் 25 மீட்டர் குளத்தில் தனி லேன் கேட்கிறீர்கள்.

எங்கள் லேனில் நான்கு பேர். வலப்பக்கமாகப் போய், கறுப்புக் கோட்டைச் சுற்றி மறுபக்கமாகத் திரும்பி வரவேண்டும். ஒருத்தி கிளம்பி ஐந்து வினாடி கழித்து அடுத்தவள். முன்னால் ஓர் அக்கா. நான் இரண்டாவது. கோச் 'பத்து நூறு, இரண்டு நிமிடத்துக்கு ஒன்று' என்பார். நூறு மீட்டரைப் பத்து முறை, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கிளம்பி நீந்தவேண்டும், அது ஒரு செட். எத்தனை முடிந்தது, சுவர்க் கடிகாரத்தில் முள் எங்கே வரும்போது கிளம்புவது, எல்லாம் அக்காவின் தலையில். எனக்கு ஒரே வேலை, அவள் குதிகாலைப் பார்த்துக்கொண்டே போவது. இடது குதிகாலில் கண்ணாடி குத்திய தழும்பு ஒன்று, பிறை மாதிரி. அவள் முகம் இப்போது சரியாக நினைவில்லை. அந்தத் தழும்பு இருக்கிறது.

நம் ஊரில் பெரியவர்கள் காலைத் தொட்டால் ஆசீர்வாதம். லேனில் முன்னால் போகிறவர் காலைத் தொட்டால் 'வழிவிடு' என்று அர்த்தம். இரண்டாவது வருடம் எனக்குத் திடீரென்று வேகம் வந்துவிட்டது. ஒருநாள் செட்டில் இரண்டு முறை அவள் காலைத் தொட்டேன். மூன்றாவது முறை அவள் சுவரோரம் நின்று, லேன் கயிற்றைப் பிடித்து ஒதுங்கிக்கொண்டு, "போடி" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

போனேன். என் முன்னால் குமிழி இல்லை, குதிகால் இல்லை. ஒன்றுமே இல்லாத நீலம். ஐம்பது மீட்டரில் தோள் எரிந்தது. அதுவரை ஓட்டமாக வந்துகொண்டிருந்த நான் அந்த நூறை நான்கு வினாடி அதிகமாக நீந்தினேன். காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது தண்ணீர். அதை முதலில் கிழித்துக்கொண்டு போகிறவர்தான் பெரும்பாரத்தை வாங்குகிறார். பின்னால் வருகிறவருக்குப் பாதி வழி திறந்தே கிடக்கும். என் வேகம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் ஒரு பங்கு அவளுடையது. நான்கு வினாடி என்று கணக்கே இருக்கிறதே.

திரும்பி வந்து, "நீயே முன்னால போக்கா" என்றேன். கோச் விடவில்லை. அதற்குப் பிறகு அக்கா என் பின்னால் வந்தாள். ஒருமுறைகூட என் காலைத் தொட்டதில்லை. ஆனால் எண்ணிக்கையை மட்டும் அவளேதான் வைத்திருந்தாள். சுவருக்கு வந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டே பின்னாலிருந்து, "ஏழு... எட்டு..." என்பாள். அந்த வருடம் மாவட்டப் போட்டியில் எனக்கு ஒரு வெண்கலம். அவளுக்கு ஒன்றுமில்லை. பன்னிரண்டாவது வந்ததும் அவளை நிறுத்திவிட்டார்கள். அவளிடம் ஒரு நன்றி சொல்லியிருக்கலாம், எனக்கு அப்போது தோன்றவில்லை. பிராக்டிஸ் முடிந்து பசியில் டீக்கடை வடைக்காகச் சண்டை போட்டதுதான் கடைசியாகப் பேசிய நினைவு.

உங்கள் மகள் மூன்றாவது என்றால் அவளுக்கு முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். அவர்கள் பெயர் உங்களுக்குத் தெரியுமா? கடிதத்தில் டைம் இருந்தது, பெயர் ஒன்றுகூட இல்லை.

கோச்சை மாற்றுவதா என்றுதானே கேட்டீர்கள், மறந்தேபோனேன். வேண்டாம். நாளைக் காலை அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, கேலரிக்குப் போகாமல் வெளியே ஒரு டீ குடியுங்கள். ஸ்டாப்வாட்ச் வீட்டில் இருக்கட்டும், முட்டை அவிக்க உதவும்.

அன்புடன்,
அக்கா