திராட்சை பிழியும் பிரஸ்: வாசகர் கேள்விகள்

கேள்வி: வருஷத்துக்கு நாலு பெட்டி திராட்சை வாங்கி ஒயின் போடுகிறேன். கடையில் பிரஸ் விலை கேட்டால் தலைசுற்றுகிறது. வீட்டிலேயே செய்யலாமா? (டொராண்டோ)

பதில்: தாராளமாக. கார் தூக்கும் 2 டன் பாட்டில் ஜாக்கி, துளை போட்ட வாளி, உள்ளே இறங்கும் வட்டப் பலகை, சுற்றிலும் ஒரு சட்டம். 30 செ.மீ. அகல வாளியின் பரப்பு சுமார் 700 சதுர செ.மீ.; 2 டன்னை அதற்குப் பங்கு போட்டால் சதுர செ.மீ.க்கு 3 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. போதும். 10 டன் ஜாக்கிக்கு ஆசைப்படாதீர்கள். ஜாக்கி கீழே எவ்வளவு அழுத்துகிறதோ, மேல் குறுக்குக் கட்டையையும் அவ்வளவு நெம்பும். இதை மறந்துதான் நான் முதலில் ஒரு பைன் கட்டையைப் படுக்கவாட்டில் போட்டேன். மூன்றாவது அழுத்தில் மடக்கென்று முறிந்து, கராஜ் சுவரெல்லாம் ஊதாக் கறை. இன்னும் போகவில்லை. இப்போது இருப்பது வெல்டிங் செய்த இரும்பு சேனல்.

கேள்வி: ஜாக்கி எண்ணெய் சாற்றில் கலக்காதா?

பதில்: கசிந்தால் கலக்கும். அடியில் விளிம்புள்ள எவர்சில்வர் தட்டு வையுங்கள். தலைகீழாக மாட்டக் கூடாது. சாதாரண பாட்டில் ஜாக்கி அப்படி வேலை செய்யாது.

கேள்வி: காலி பெயின்ட் வாளி போதுமா?

பதில்: கூடாது, எத்தனை தடவை கழுவினாலும். உணவுக்கென்று விற்கும் வாளியே வாங்குங்கள். அழுத்தும்போது அது வயிறு தள்ளும், வெளியே இரண்டு எவர்சில்வர் பட்டை கட்டுங்கள். சாறு புளிப்பு, துத்தநாகம் பூசிய தகடும் வெறும் இரும்பும் அதில் கரையும், ஒயின் கலங்கி உலோக வாடை அடிக்கும். பலகைக்கு வேப்பமரம் வேண்டாம், கசப்பு இறங்கும்.

கேள்வி: சிவப்புத் திராட்சை நன்றாகப் பிழிகிறது. பச்சைத் திராட்சை மட்டும் வழுக்கி மேலே பிதுங்கி வருகிறதே?

பதில்: சிவப்பை நொதித்த பிறகு பிழிகிறீர்கள், தோல் துவண்டிருக்கும். பச்சையைப் புதிதாகவே பிழிகிறோம். தோல் ஒன்றோடொன்று ஒட்டி அடை மாதிரி இறுகிவிடும், சாறு வெளியேற வழியிருக்காது. அதற்கு நம் ஊர் உமிதான் மருந்து. 100 கிலோவுக்கு 1 கிலோ உமியைக் கொதிநீரில் அலசிக் கலந்து, நைலான் வலைப்பையில் கட்டிப் பிழியுங்கள். ஜாக்கிக் கைப்பிடி இறுகியதும் நிறுத்துங்கள். ஐந்து நிமிஷத்தில் சாறு வடிந்து பிடி தானாகத் தளரும், பிறகு கைப்பிடியை இன்னும் இரண்டு தடவை அழுத்துங்கள். அவசரப்பட்டால் விதை நசுங்கும், அந்தக் கசப்பு கடைசிவரை போகாது. 10 கிலோவுக்கு 6 முதல் 7 லிட்டர் வந்தால் நிறுத்திக்கொள்ளலாம்.

கேள்வி: தேனி மாவட்டம் கம்பத்தில் பன்னீர் திராட்சை போட்டிருக்கிறோம். வீட்டில் ஒயின் போடலாமா?

பதில்: அங்கே கூடாது. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். ஆனால் பிரஸ்ஸை வைத்துச் சாறு எடுக்கலாமே! 80 டிகிரிக்குச் சூடாக்கி, ஆறுவதற்குள் சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி மூடுங்கள்.

கேள்வி: சக்கையை என்ன செய்வது?

பதில்: உரக்குழியில் போடுங்கள். வீட்டில் நாய் இருந்தால் மூடி வையுங்கள், திராட்சை அதன் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.