20 ஆண்டு லேத் அனுபவம் வீணாகிவிடுமா?

கேள்வி: கோவை கணபதியில் ஒரு பட்டறையில் 20 ஆண்டுகளாக லேத் (உலோகத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்) ஓட்டுகிறேன். வயது 43, எட்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். முதலாளி கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் சிஎன்சி லேத் வாங்கிப் போட்டு, 'பக்கத்தில் நின்று பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள்' என்றார். ஆறு மாதம் பார்த்தும் பிடிபடவில்லை. அதை ஓட்டுபவர் என் மகன் வயதுப் பையன். கேட்கக் கூச்சமாக இருக்கிறது. இனி என்னால் கற்க முடியுமா?
- வாசகர், கோவை

பதில்: நிச்சயமாக முடியும். உங்களுக்குப் பிடிபடாததற்குக் காரணம் வயது அன்று, கற்ற முறை என்றே கருதுகிறேன். பழைய லேத்தில் மூத்தவரின் கை எப்போது கைப்பிடியைத் திருப்புகிறது, எங்கே நிறுத்துகிறது என்பதெல்லாம் கண்ணெதிரே நடந்ததால் பார்த்தே பழக முடிந்தது. சிஎன்சியிலோ முடிவுகள் புரோகிராமிலும் (இயந்திரத்துக்கான கட்டளை வரிகள்) ஆஃப்செட்டிலும் (வெட்டும் கருவியான டூலின் நிலையைத் திருத்தப் பதியும் அளவு) முன்கூட்டியே எடுக்கப்பட்டுவிடுகின்றன. கதவை மூடிய பின் கூலண்ட் (சூடு தணிக்கும் திரவம்) தெறிப்பதைத் தவிர, வெளியே நிற்பவர் கண்ணுக்குப் பெரிதாக எதுவும் தெரிவதில்லை.

ஆகவே முதலில் அளவெடுத்து ஆஃப்செட் திருத்தும் வேலையை உங்களிடம் தரும்படி கேளுங்கள். டூல் தேயத் தேய வெளிவிட்டம் கூடும் என்பதை நீங்கள் நன்றாக அறிவீர்கள். 25 மி.மீ. விட்டம் வர வேண்டிய ஷாஃப்ட் (உருளைத் தண்டு) மைக்ரோமீட்டரில் 25.04 காட்டினால், சுழலும்போது இரு பக்கமும் குறையும் என்பதால் டூலை 0.02 மட்டும் உள்ளே தள்ளிப் பழகியவர் நீங்கள். பெரும்பாலான சிஎன்சி லேத்துகளில் எக்ஸ் அச்சு (டூல் குறுக்காக நகரும் திசை) விட்டக் கணக்கில் இருப்பதால், அங்கே முழு 0.04-ஐயும் கழிக்க வேண்டும்.

அடுத்தது புரோகிராமை வாசிப்பது. ஜி00 என்றால் வேகமாக நகர்தல், ஜி01 நேர்கோட்டில் வெட்டுதல், ஜி02, ஜி03 வளைவில் வெட்டுதல், எம்03 ஸ்பிண்டிலைச் (வேலைப்பொருளைப் பிடித்துச் சுழலும் தண்டு) சுழற்றுதல். அன்றாடம் தேவைப்படும் குறிகள் நோட்டில் இரண்டு பக்கத்துக்குள் அடங்கிவிடும், தமிழிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பிறகு சிங்கிள் பிளாக்கில் (பொத்தானை அழுத்தும்போது ஒரு வரி மட்டும் ஓடும் முறை) வைத்து, ஒவ்வொரு வரியும் என்ன செய்யப்போகிறது என்று வாய்விட்டுச் சொன்ன பின்னரே பொத்தானை அழுத்துங்கள். அந்தத் தம்பி அருகில் நின்று திருத்தட்டும். 50 என்பதைப் புள்ளியில்லாமல் பதிந்தால் சில கண்ட்ரோலர்கள் (இயந்திரத்தை இயக்கும் கணினிகள்) அதை 0.050 மி.மீ. என்று எடுத்துக்கொள்ளும் என்பதால், தொடக்கத்தில் தனியாக எதையும் மாற்ற வேண்டாம்.

உங்கள் முதலாளிக்கும் ஒரு சொல். 1940-இல் அமெரிக்கா போர்க்காலத் தொழிற்சாலைகளுக்காகத் தொடங்கிய பயிற்சித் திட்டம், ஆளைத் தயார்செய்தல், விளக்கிச் செய்துகாட்டுதல், அவரையே செய்யவைத்தல், தொடர்ந்து கவனித்தல் என்னும் நான்கு படிகளை மேற்பார்வையாளர்களுக்குக் கற்பித்தது. போருக்குப் பின் ஜப்பானியத் தொழிற்சாலைகளும் அதை ஏற்றன. உங்கள் பட்டறையில் இரண்டாம் படியே அரைகுறையாக நின்றுவிட்டது. ஷிஃப்ட் முடிவில் உற்பத்திக் கணக்கில் சேராத அரை மணி நேரத்தை உங்களுக்கு ஒதுக்குவது அவருடைய பொறுப்பு.

கூச்சத்தைப் பற்றி: வெட்டும் சத்தம் மாறும்போதே டூல் அதிர்கிறது என்றும், வெட்டி விழும் உலோகச் சுருளின் நிறத்தைக் கண்டே சூடு ஏறுகிறது என்றும் உங்களுக்குத் தெரியும். அந்தத் தம்பிக்கு இவற்றைச் சொல்லித்தர அங்கே வேறு எவரும் இல்லாமல் இருக்கலாம். நாளை டூல் முறிந்தாலோ பரப்பு சொரசொரப்பாக வந்தாலோ, காரணத்தை நீங்கள் அவருக்கு விளக்குங்கள். அதே இடத்தில் ஆஃப்செட் பக்கத்தைத் திறந்துகாட்டச் சொல்லிக் கேளுங்கள்.