பால்டிமோர்லேருந்து வந்த டீம் (வாசகர் கடிதம்)

வணக்கம் அண்ணா,

நான் டென்வர்ல வேலை பாக்கறேன். போன வாரம் ஆபீஸ்ல எல்லாரும் சேர்ந்து கொலராடோ மாமத்ங்கற எங்க ஊர் லாக்ரோஸ் டீமோட மேட்ச்சுக்குக் கூட்டிட்டுப் போனாங்க, லாக்ரோஸ்னா என்னன்னே தெரியாமதான் போய் உக்காந்தேன், நுனில வலை வெச்ச குச்சியால பந்தைப் பிடிச்சு வீசி கோல் அடிக்கறாங்க, செம விறுவிறுப்பு. பக்கத்து சீட்டுல ஒரு பெரியவர், "இது எங்க பால்டிமோர் டீம்ப்பா, இங்க தூக்கிட்டு வந்துட்டாங்க"ன்னு சொன்னார். நிஜமாவா? ஒரு டீமை எப்படி ஊர் விட்டு ஊர் தூக்கிட்டு வருவாங்க? அங்க ஜெயிச்ச கப் இப்ப யாருக்கு?

(ஒரு வாசகர், டென்வர்)

தம்பி,

பெரியவர் சொன்னது உண்மைதான், நடுவுல ரெண்டு ஊரை மட்டும் முழுங்கிட்டார். 1987-ல இந்த லீக் (இப்ப பேரு நேஷனல் லாக்ரோஸ் லீக்) ஆரம்பிச்சப்ப மொத்தமே 4 டீம், அதுல ஒண்ணு பால்டிமோர் தண்டர். முதல் வருஷக் கப்பே அவங்களுக்குத்தான். 1999 வரைக்கும் அங்க ஓட்டினாங்க, அப்புறம் 2000-ல பிட்ஸ்பர்க் கிராஸ்ஃபயர், அது ஒரே சீசன், உடனே வாஷிங்டன் பவர்னு 2 சீசன், 2003-ல டென்வர் வந்து மாமத். நாலு வருஷத்துல நாலு ஊர், வாடகை வீட்டுக்காரன் கூட இவ்ளோ வேகமா சாமான் கட்ட மாட்டான்.

கேரி கெய்ட்னு ஒருத்தர், லாக்ரோஸ்ல கடவுள் மாதிரி. 1998-ல தண்டருக்கு வந்தார், அதுக்கப்புறம் கிராஸ்ஃபயர், பவர், மாமத்னு அந்த டீமோட நாலு பேர்லயும் ஆடினார். மனுஷன் டீம் மாறவே இல்ல, ஜெர்சி மட்டும்தான் மாறிட்டே இருந்துச்சு. 2005-ல ஆட்டத்தை நிறுத்திட்டு அடுத்த வருஷமே கோச்சா நின்னு டென்வருக்கு முதல் கப் வாங்கிக் கொடுத்தார்.

எப்படித் தூக்கிட்டு வர முடியுதுன்னு கேட்டீங்கள்ல, காரணம் ரொம்ப சாதாரணம்: இந்த பிளேயர்ஸ்ல பாதிப் பேர் அந்த ஊர்லயே இருக்கறதில்ல. நிறைய பேரோட வீடு கனடால ஒண்டாரியோ பக்கம், வாரநாள்ல ஸ்கூல் டீச்சர், ஃபயர் சர்வீஸ்னு வேற வேலை, வெள்ளிக்கிழமை ஃப்ளைட் ஏறி வந்து ஆடிட்டு ஞாயித்துக்கிழமை வீடு திரும்பறவங்க. டீம் ஊர் மாறினா அவங்களுக்கு டிக்கெட்ல இருக்கற ஊர் பேர் மாறும், அவ்ளோதான். அடுத்தது மைதானம். நீங்க பாத்த பச்சைத் தரைக்கு அடியில இருந்தது ஐஸ் ஹாக்கி ரிங்க், அதுமேல டர்ஃப் விரிச்சு ஆடறாங்க, சுத்தி இருக்கற பலகையும் ஹாக்கியோடதுதான். அதனால ஒரு ஹாக்கி அரீனா வேணும், சீசனுக்கு 9 ஹோம் மேட்ச்சுக்கு அங்க தேதி கிடைக்கணும், வாடகை கட்டுப்படியாகணும். டென்வர்ல டீம் இருபது வருஷத்துக்கு மேல நகராம இருக்குன்னா மாமத், ஹாக்கி டீம், பேஸ்கட்பால் டீம், அரீனா எல்லாம் ஒரே முதலாளி கைல, அதான் விஷயம். வாடகைக்கு உக்காந்த டீமுங்கதான் பெட்டி கட்டுது.

எட்மண்டன் கதைதான் கொடுமை. கனடால இருக்கற அந்த ஊர்ல ரஷ்னு ஒரு டீம், 2006-ல முதல் சீசன்ல 16 மேட்ச்ல 1 ஜெயிச்சாங்க, அப்பவும் ஜனங்க விடல, ஒம்போது வருஷம் காத்திருந்து 2015-ல டொரண்டோவைத் தோக்கடிச்சுக் கப் எடுத்தாங்க, அந்தக் கோடையே டீம் பக்கத்து மாகாணமான சஸ்காட்சுவான்ல இருக்கற சாஸ்கடூனுக்குக் கிளம்பிருச்சு. 2016-ல சஸ்காட்சுவான் ரஷ்ங்கற பேர்ல மறுபடி சாம்பியன். எட்மண்டன்காரன் டிவில பாத்துட்டு என்ன பண்ணியிருப்பான்னு நினைச்சா எனக்கே வயிறு எரியுது.

ராசெஸ்டர்ல வேற மாதிரி. 2019-ல ஓனர் டீமை அப்படியே ஹாலிஃபாக்ஸுக்குக் கொண்டு போயிட்டார், ஆனா நைட்ஹாக்ஸ்ங்கற பேரை ஊர்லயே விட்டுட்டுப் போனார், புது ஓனர் புது ஆளுங்களை வெச்சு அதே பேர்ல டீம் ஆரம்பிச்சாங்க. ஃபிலடெல்ஃபியாலயும் கிட்டத்தட்ட இதே கூத்து, 6 கப் ஜெயிச்ச விங்ஸ் 2014 சீசன் முடிஞ்சதும் கனெக்டிகட்ல ஒரு கேசினோ அரீனாவுக்குப் போயிருச்சு, நாலு வருஷம் கழிச்சு அதே பேர்ல வேற டீம் வந்துச்சு. இப்படி நகரக் கூட வழியில்லாம செத்ததும் உண்டு, 1996-ல சார்லட் கோப்ராஸ், ஒரே சீசன், ஆடின 10-லயும் தோல்வி, கடையைச் சாத்திட்டாங்க.

கப் யாருக்குன்னா, மாமத் பேர்ல ஜெயிச்சது 2006-லயும் 2022-லயும், அந்த 2 தான். 1987 கப்புல பால்டிமோர்னு எழுதினது எழுதினதுதான். அடுத்த தடவை அந்தப் பெரியவர் பக்கத்துல சீட் கிடைச்சா கேரி கெய்ட் பேரை மட்டும் எடுத்து விடுங்க, மேட்ச் முடியற வரைக்கும் உங்களை ஸ்கோர் பாக்க விட மாட்டார்.