ஸ்டீயரிங் டேம்பர்: உங்கள் கேள்விகள்

ஸ்டீயரிங் டேம்பர் என்பது ஸ்டீயரிங் உதறலை அமுக்கும் சின்ன ஷாக் அப்சார்பர். ஜிம்னி, ராங்ளர் போல இரு முன்சக்கரங்களையும் ஒரே ஆக்ஸில் இணைக்கும் வண்டிக்காரர்கள் கேட்டவை. மெக்கானிக் ‘ஸ்டீயரிங் ஷாக்’ என்பதும் இதே டேம்பரைத்தான்.

கோவையிலிருந்து: அண்ணே, 80 கி.மீ. வேகத்தில் பள்ளத்தில் இறங்கினால் ஜிம்னியின் ஸ்டீயரிங் கடகடவென உதறுகிறது. வேகம் குறைத்தால்தான் நிற்கிறது. எந்த டேம்பர் வாங்கலாம்?

இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள் தம்பி. டேம்பர் உதறலை அமுக்கும், அவ்வளவுதான். காரணம் வேறு எங்கோ இருக்கும். முதலில் டயர் காற்று, பேலன்சிங். அப்புறம் இன்ஜின் ஓட, வண்டி தரையில் நிற்க, ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் லேசாகத் திருப்பட்டும். நீங்கள் குனிந்து பான்ஹார்ட் ராடின் (ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) இரு முனைகளையும், டை ராட் (சக்கரங்களைத் திருப்பும் கம்பி) முனைகளையும் பாருங்கள். புஷ்ஷுக்குள் (முனையிலுள்ள ரப்பர் வளையம்) போல்ட் நகர்ந்தால் திருடன் அங்கேதான். அடுத்து ஜாக்கி போட்டு, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து அசையுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சிலுள்ள கிங்பின் பேரிங். நானே ஒரு வண்டிக்கு இரண்டு டேம்பர் மாற்றிவிட்டுத்தான் புஷ்ஷைப் பார்த்தேன்!

2 அங்குலம் உயர்த்திய பிறகுதான் உதறல் வந்தது. அலைன்மென்ட் செய்தும் போகவில்லை.

டோ, அதாவது முன்சக்கரங்கள் உள்ளே வெளியே பார்க்கும் கோணம் மட்டும் பார்த்திருப்பார்கள். ஸ்பிரிங்கை உயர்த்தினால் ஆக்ஸில் சற்றுச் சுழன்று காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சு பின்பக்கம் சாய்ந்திருக்கும் அளவு) குறையும். சக்கரம் தானாக நேரே திரும்பும் குணமும் அதோடு குறையும். காஸ்டரைச் சரிசெய்யும் புஷ் தனியாகக் கிடைக்கிறது, போடுங்கள். ஆக்ஸில் ஒரு பக்கம் நகர்ந்திருந்தால் நீளம் மாற்றக்கூடிய பான்ஹார்ட் ராடும் வேண்டும்.

கேஸ் டேம்பர் போட்டதும் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதே, சார்?

உள்ளே உள்ள கேஸ் அழுத்தம் தண்டை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த இழுப்புதான் இது. கழற்றிவிட்டு மெதுவாக ஓட்டிப் பாருங்கள், இழுப்பு போனால் சந்தேகமே இல்லை. அழுத்தம் குறைந்த டேம்பரோ, வெறும் ஆயில் டேம்பரோ போதும். எதிரெதிராக இரண்டு கேஸ் டேம்பர் வைத்தாலும் தள்ளல் சமமாகும். ஆனால் ஸ்டீயரிங் கனத்துவிடும். பெரிய டயர், கல்லும் பாறையுமான பாதை என்றால் சரி, ஊருக்குள் ஓட்ட எனக்குப் பிடிக்காது.

மையத்துக்குத் திருப்பும் ஸ்பிரிங் வைத்த மாடல்?

வேண்டாம். வளைவில் உங்கள் கையோடு மல்லுக்கட்டும். அலைன்மென்ட் கோளாறையும் மறைத்துவிடும்.

2020 மஹிந்திரா தாருக்கு டேம்பர் போடலாமா?

அதன் முன்சக்கரங்கள் தனித்தனி சஸ்பென்ஷன், ரேக் அண்ட் பினியன் ஸ்டீயரிங். இந்தக் கதையே அதற்குப் பொருந்தாது.

வீட்டிலேயே மாற்ற முடியுமா?

தாராளமாக. கழற்றிய பழையதை இழுத்துத் தள்ளிப் பாருங்கள். நடுவில் பிடிப்பே இல்லாத இடம் வந்தாலோ, ஆயில் கசிந்திருந்தாலோ அது செத்துவிட்டது. புதியதை மாட்டியதும் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்புங்கள். சக்கரம் தன் ஸ்டாப்பரில் முட்டும்போதும் டேம்பர் தண்டு இன்னும் கொஞ்சம் போக இடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் டேம்பரே ஸ்டாப்பராகிவிடும், ஒருநாள் பிராக்கெட் பிய்ந்துகொண்டு வரும்.