கை வைத்தால் மேலே எழும்பும் ட்ரோன்

வெள்ளவத்தைக் கடற்கரை மணலுக்குப் பயந்து மினி ட்ரோனைக் கையிலேயே இறக்கப் பார்த்தீர்கள், கையை நீட்டினால் அது மேலே எழும்புகிறது, அப்படித்தானே? பழுது ஒன்றுமில்லை. அடியில் உள்ள சென்சர் உங்கள் உள்ளங்கையைத் தரை என்று நினைத்து விலகுகிறது.

கையால் துரத்த வேண்டாம். கமரா உங்களைப் பார்க்காமல் வெளிப்பக்கம் பார்க்க, ட்ரோனை முகத்துக்குச் சற்று மேலே, ஒரு கை தூரத்தில் நிறுத்துங்கள். வலது உள்ளங்கையை விரித்து அடியில் வையுங்கள், விரல் நுனி ஒன்றும் விசிறிப் பக்கம் நீளக்கூடாது. இடது பெருவிரலால் ரிமோட்டின் இடது ஸ்டிக்கை முழுதாகக் கீழே இழுத்து அப்படியே பிடியுங்கள். கொஞ்சம் தயங்கும், பிறகு கையில் வந்து அமரும். மோட்டர் நிற்கும்வரை ஸ்டிக்கை விடாதீர்கள். பலர் பிழைவிடுவது இங்கேதான். மோட்டர் ஓடும்போதே ட்ரோனைக் கவிழ்த்து நிறுத்தும் வித்தை யூடியூபில் நிறைய, விரல் தேவையென்றால் விட்டுவிடுங்கள்.

ஏற்றும்போதும் அதே பிடி. ஜிபிஎஸ் பிடித்து ஹோம் பொயின்ட் (ட்ரோன் திரும்பி வரவேண்டிய இடம்) பதியும்வரை பொறுங்கள், பிறகு இடது ஸ்டிக்கைத் தயங்காமல் மேலே தள்ளுங்கள்.

இன்னொன்று, காற்று. கடல் காற்று முதுகில் படும்படி நில்லுங்கள். அடித்தாலும் ட்ரோன் உங்களை விட்டு விலகியே போகும். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் கொம்பஸ் கலிபரேஷன் (திசைகாட்டியைச் சரிப்படுத்துவது) செய்யாதீர்கள், இரும்பு குழப்பும். கண்ணுக்குப் பாதுகாப்பாகக் கண்ணாடி போடுங்கள், பக்கத்தில் பிள்ளைகள் நின்றால் ஏற்றவே வேண்டாம்.

சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அனுமதி எடுத்துவிட்டீர்கள்தானே? இரத்மலானை விமான நிலையமும் அந்தப் பக்கம்தான்.