மலையேற்றமும் பணியிடப் பயிற்சியும் படிப்பைக் கெடுக்குமா?

மகன் படிக்கும் உயர்நிலைப் பள்ளியில் மலையேற்ற முகாம், பணியிடப் பயிற்சி, மனநல வகுப்பு என்று பாடநேரத்தை வீணடிக்கிறார்களே, இவற்றால் பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். தேர்வு நெருங்கும் கவலையில் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். கணித ஆசிரியராக இருந்துகொண்டே மாணவர்களைத் தொழிற்கூடங்களுக்கு அனுப்பும் பொறுப்பையும் நெடுங்காலம் சுமந்தவன் நான். ஆகவே ‘வீண்’ என்ற சொல்லைக் கடந்துபோக முடியவில்லை.

கணிதம் என்றாலே முகம் சுருங்கும் மாணவன் ஒருவன் தச்சுக்கூடத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தான். துடைப்பத்தைக் கொடுத்து அவனை ஓரமாக நிறுத்தியிருக்கலாம்; பல இடங்களில் அதுதான் நடக்கிறது. அந்தத் தச்சரோ, மூட மறுத்த ஒரு மேசை இழுப்பறையை அவன் கையில் கொடுத்து, கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கச் சொன்னார். நான் பார்வையிடச் சென்றபோது நான்கு பக்கங்களையும் அளந்து முடித்து, எதிர்ப்பக்கங்கள் சமமாகவே இருக்கக் கண்டு விழித்துக்கொண்டிருந்தான். “மூலைக்கு மூலை டேப் பிடிச்சுப் பாரு” என்றார் தச்சர். ஒரு மூலைவிட்டம் மற்றதைவிட 5 மி.மீ. கூடுதலாக இருந்தது. செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் சமம் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான். சட்டம் சாய்ந்தால் அது வெறும் இணைகரமாகிவிடும் என்பதை அன்றுதான் கண்ணால் கண்டான். “சார், இது நீங்க நடத்தினதுதானே?” என்று என்னிடம் கேட்டான். கரும்பலகையில் எத்தனை முறை வரைந்தும் எனக்குக் கிடைக்காத கேள்வி அது.

வெளிக்களச் செயல்பாடுகளிலும் பொறுப்பு உண்மையானதாக இருந்தால்தான் பலன். பிரிட்டனில் 1956இல் இளைஞர்களுக்காகத் தொடங்கிய எடின்பரோ கோமகன் விருதுத் திட்டத்தில், வெளிக்களப் பயணத்தின்போது பெரியவர்கள் தொலைவிலிருந்துதான் கண்காணிப்பார்கள். வழி பார்ப்பதும் கூடாரம் அடிப்பதும் சமைப்பதும் மாணவர்களின் வேலை. பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிடச் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். வரைபடம் பார்க்கவும் முதலுதவி செய்யவும் பழக்கிய பிறகே அவர்களை அனுப்புகிறார்கள். பேருந்தில் ஏற்றி, வரிசையாக நடத்தி, சாப்பாடு போட்டுக் கூட்டிவந்தால் அது சுற்றுலா. அதில் தவறில்லை, கல்வி என்று சொல்லிக் கட்டணம் வாங்குவதுதான் தவறு.

மனநல வகுப்பைப் பொறுத்தவரை உங்கள் ஐயத்தில் எனக்கும் பங்கு உண்டு. பிரிட்டனில் 8,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடையே நடத்தப்பட்டு 2022இல் வெளியான ‘மிரியட்’ ஆய்வில், வகுப்பு முழுவதற்கும் கற்றுத்தந்த மனக்கவனப் பயிற்சி (மூச்சிலும் அந்தந்த நொடியிலும் கவனத்தை நிறுத்தும் ‘மைண்ட்ஃபுல்னெஸ்’) வழக்கமான கற்பித்தலைவிடக் கூடுதல் பலன் தரவில்லை. ஆலோசகரே வேண்டாம் என்பது இதன் பொருளன்று. துன்பத்தில் இருக்கும் பிள்ளையோடு தனியே உட்கார்ந்து காதுகொடுக்க ஒருவர் கட்டாயம் தேவை, எல்லாரையும் ஒரே நேரத்தில் கண்மூட வைப்பது அதற்கு ஈடாகாது.

என் மனக்குறை வேறு. அமெரிக்கக் கல்வியியலாளர் டேவிட் கோல்ப் 1984இல் விளக்கிய கற்றல் சுழற்சியில் அனுபவம் ஒரு படி மட்டுமே. நடந்ததைத் திரும்பிப் பார்ப்பதும், அதிலிருந்து பொதுக்கருத்தைத் திரட்டுவதும், அதை மறுபடி செய்துபார்ப்பதும் எஞ்சிய படிகள். நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் அந்தத் திரும்பிப் பார்க்கும் நேரத்தைத்தான் முதலில் வெட்டினார்கள். அதற்குப் பதிலாகப் பதாகை பிடித்த புகைப்படங்களோடு அறிக்கை கேட்டார்கள். இழுப்பறையைச் சரிசெய்த கதையை அந்த மாணவன் வகுப்பில் சொல்ல ஒரு பாடவேளை கேட்டேன். அனுப்பிய படங்கள் தெளிவாக இல்லை என்ற பதில்தான் வந்தது.

மகனை நிறுத்திவைப்பதற்கு முன், பயிற்சி இடத்தில் அவனுக்கு என்ன வேலை தரப்படும், திரும்பி வந்ததும் அதைப் பற்றி அவனோடு யார் பேசுவார்கள் என்று பள்ளியில் கேளுங்கள். தெளிவான பதில் கிடைத்தால் தயங்காமல் அனுப்புங்கள். அறிக்கை எழுதித் தருவான் என்று மட்டும் சொன்னால், அந்த வாரம் அவன் வீட்டில் உட்கார்ந்து படிப்பதே மேல்.